கிரகணமும் அப்பாவோட சட்டையும்

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதோட வீட்ல ஒரு நல்ல சேதி. தங்கமணிக்கு இப்ப ஏழாவது மாசம். (வாழ்த்தப் போறவங்களுக்கு முன்கூட்டியே நன்றி :-)) இந்தப் பதிவும் அதைச் சுத்தினதுதான், ஆனா முழுக்க சந்தோஷமான பதிவு இல்லை. கொஞ்சம் நீளம் வேற. பொறுமையா படிங்க மக்களே.

2025 செப்டம்பர் 7, ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு ராத்திரி முழு சந்திர கிரகணம். எங்க வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். பதினோரு மணிக்கு நிலா செம்புக் கலர்ல மாறும், மொட்டை மாடிக்குப் போய் ரெண்டு பேரும் பார்க்கலாம்னு பிளான் போட்டிருந்தோம். தங்கமணிக்கு அப்ப அஞ்சு மாசம்.

அம்மா சாயங்காலமே ஆரம்பிச்சுட்டாங்க. கத்தி தொடாதே, ஊசி தொடாதே, ஒன்பது மணிக்குள்ள சாப்பிட்டுடு, ஜன்னலைச் சாத்து. தங்கமணி நல்ல பிள்ளை மாதிரி "சரிங்க அத்தே"ன்னு தலையாட்டிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினா. நீ பேசுன்னு அர்த்தம். நானும் பேசினேன். "அம்மா, பூமியோட நிழல் நிலா மேல விழுது, அவ்ளோதான். நிழல் எப்படிம்மா வயித்துக்குள்ள இருக்கற குழந்தையைத் தொடும்?"

அம்மா வழக்கமா இதுக்குச் சத்தம் போடுவாங்க. அன்னைக்குப் போடலை. "உனக்குப் படிச்சது இருக்குடா. எனக்குப் பட்டது இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டாங்க. பின்னாடியே போய்ப் பார்த்தா, அழுதுட்டு இருக்காங்க.

எனக்கு முன்னாடி ஒரு குழந்தை தங்கலைங்கறது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை அன்னைக்குத்தான் முழுசா சொன்னாங்க. இனி கொசுவத்தி சுத்தணும்.

1995 அக்டோபர் 23 தீபாவளி. மறுநாள் காலைல சூரிய கிரகணம். ராஜஸ்தான்லேர்ந்து வங்காளம் வரைக்கும் ஒரு பட்டையில முழுசா தெரிஞ்சது, நம்ம சென்னையில பாதிதான். தூர்தர்ஷன்ல நேரடியா காட்டினாங்க. தெருவுல ஈ காக்கா இல்லை. அம்மாவுக்கு அப்ப நாலு மாசம். ஆயா கதவைச் சாத்தி உள்ள உட்கார வெச்சிருக்காங்க. ஆனா அப்பாவுக்கு அன்னைக்கு ரெண்டாவது ஷிப்ட். வேலைக்குப் போட்டுட்டுப் போறதுக்குன்னு இருந்ததே ரெண்டு செட் சட்டைதான். தீபாவளி வேலையில ரெண்டும் துவைக்காம ஊறிக் கிடந்தது. "அந்தாளு ஈரச் சட்டையோட போவாரேன்னு" அம்மா பின்பக்கமாப் போய், துவைக்கிற கல்லுல ரெண்டையும் அடிச்சுத் துவைச்சு, கொடியில போட்டுட்டு உள்ள வந்துட்டாங்க. மொத்தமே கால் மணி நேரம். ஆயா பார்த்துட்டாங்க.

1996 பொங்கல் கழிஞ்சு, ஏழாவது மாசத்துல குழந்தை வயித்துக்குள்ளயே இறந்துடுச்சு. பெண் குழந்தை.

"கிரகணத்துல வெளிய போனவதானே." ஆயா சாகற வரைக்கும் இந்த ஒரு வரியைச் சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். கல்யாண வீட்ல, காதுகுத்துல, சண்டை வந்தா, சண்டை வராட்டியும். அம்மாவும் அதை நம்பிட்டாங்க. முப்பது வருஷமா, தன் பொண்ணைத் தானே கொன்னுட்டதா நம்பிக்கிட்டு இருந்திருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி யாரும் மாடிக்குப் போகலை. எனக்குத் தூக்கமும் வரலை. கிரகணம் காரணமில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அம்மா சொன்ன கதையில வேற ஒண்ணு முள்ளு மாதிரி மாட்டிக்கிச்சு. அந்தச் சட்டை.

அப்பா அப்ப அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்னப் பட்டறையில இருந்தார். (பேர் வேண்டாம். இப்ப அது இல்லவும் இல்லை.) லாரி பேட்டரிக்கு பிளேட் செய்யற இடம். ஈயக்கட்டியை உருக்கி அச்சுல ஊத்தினா கம்பி வலை மாதிரி ஒரு சட்டம் வரும். ஈய ஆக்சைடு பவுடரைக் குழைச்சு அது மேல அப்பி, காய வெச்சு அடுக்கணும். அடுக்கறப்ப பொடி பறக்கும். மூக்குல ஒரு கர்ச்சீப், அவ்ளோதான் பாதுகாப்பு. சாயங்காலம் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் குடுப்பாங்களாம், தூசு இறங்கிடும்னு. நான் பிறந்து வளர்ந்தப்பவும் அப்பா அங்கேதான். சைக்கிள் மணி கேட்டா ஓடிப் போய்க் காலைக் கட்டிக்குவேன். அவர் சட்டைப் பையைத் திருப்பி உதறினா சாம்பல் கலர்ல பொடி கொட்டும். மாசம் ஒரு தடவையாவது வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுப்பார். கேஸ் டிரபுள்னு சோடா வாங்கிக் குடுப்போம்.

இங்க ஒரு விளக்கம். நம்ம ஊர்ல ரெண்டையும் பொதுவா ஈயம்னே சொல்லிடுவோம். ரசம் வைக்கற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற உலோகம். பேட்டரியில இருக்கறது காரீயம். விஷம் இதுதான். (மலிவா கிடைக்குதேன்னு வாங்கற சொம்புல காரீயம் கலந்திருந்தா, புளித் தண்ணி அதைக் கரைச்சு ரசத்துல சேர்த்துடும். உஷார்.)

கருவுல இருக்கற குழந்தையை ஒரு பொருள் எப்படிக் கெடுக்கும்? நான் படிச்சதை எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். உயிரியல் படிச்ச நண்பர்கள் அடிக்க வராதீங்க.

டி.என்.ஏ.தான் சோர்ஸ் கோடு. ஆனா சோர்ஸ் கோடு மட்டுமே புராடக்ட் ஆயிடாது. ஒன்பது மாசம் பில்டு ஓடணும். எந்த ஃபங்ஷன் எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு சொல்ற கான்ஃபிக் ஃபைலும் வேணும். கெடுதல் இந்த மூணுல எதுல வேணும்னாலும் வரலாம்.

முதல் வகை, கோடையே மாத்தறது. 1927ல முல்லர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி பழ ஈக்கள் மேல எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, மரபணு மாறுறதையும் அது அடுத்த தலைமுறைக்குப் போறதையும் காட்டினார். 1946ல அதுக்கு நோபல் பரிசு கிடைச்சது. கர்ப்பிணிகளை எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துல நிக்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் இது.

ரெண்டாவது வகை, கோடு சரியாவே இருக்கும், பில்டு ஓடறப்ப குறுக்க புகுந்து கெடுக்கும். தாலிடோமைடு இதுக்குப் பெரிய உதாரணம். 1957ல மேற்கு ஜெர்மனியில தூக்க மாத்திரையா வந்தது. மசக்கை வாந்திக்கும் குடுத்தாங்க. கரு உண்டான இருபதாவது நாள்லேர்ந்து முப்பத்தாறாவது நாளுக்குள்ள சாப்பிட்டவங்களோட குழந்தைங்க கை கால் வளராம பிறந்தாங்க. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல. 1961 கடைசியிலதான் மருந்தைத் திரும்ப வாங்கினாங்க. அந்தக் குழந்தைங்களோட மரபணுவுல எழுத்துப்பிழை கிடையாது. கை கால் வளர வேண்டிய அந்த ரெண்டு வாரத்துல, அதுக்கு வேண்டிய புரதங்களை மருந்து ஒழிச்சுக் கட்டிடுச்சு. நஞ்சுக்கொடி எல்லாத்தையும் வடிகட்டிடும்னு டாக்டர்கள் அது வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அந்த நம்பிக்கை அதோட போச்சு.

மூணாவது வகைதான் கான்ஃபிக். டி.என்.ஏ. மேல அங்கங்க மெத்தில்னு ஒரு சின்ன ரசாயன முத்திரை ஒட்டியிருக்கும். இந்த ஜீனை ஓட்டு, இந்த ஜீனை நிறுத்துங்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பெரும் பஞ்சம். அப்ப கருவுல இருந்தவங்களை அறுபது வருஷம் கழிச்சுச் சோதிச்சுப் பார்த்தப்ப, வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒரு ஜீன்ல அந்த முத்திரைகள் குறைஞ்சிருந்தது. 2008ல வந்த ஆய்வு இது. அம்மா பட்ட பட்டினி, பிள்ளை உடம்புல அறுபது வருஷம் எழுதி வெச்ச மாதிரி இருந்திருக்கு.

இப்ப காரீயத்துக்கு வர்றேன். காரீயம் கால்சியம் வேஷம் போட்டு உள்ள வரும். உடம்பு ஏமாந்து அதை எலும்புல கொண்டு போய்ச் சேர்த்து வெச்சுக்கும். ரத்தத்துல இருக்கறது ஒரு மாசத்துல பாதியாக் குறைஞ்சிடும், எலும்புல இருக்கறது பத்து இருபது வருஷம் ஆனாலும் தங்கும். ஒரு பொண்ணு கர்ப்பமானா, குழந்தையோட எலும்புக்காக அவ எலும்பு கரைஞ்சு கால்சியம் குடுக்கும். கூடவே காரீயமும் வெளிய வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்கறதில்லை. தொப்புள்கொடி ரத்தத்துல கிட்டத்தட்ட அம்மாவோட அளவே இருக்கும். மூளை நரம்புகள் ஒண்ணோட ஒண்ணு பேசறதே கால்சியத்தை வெச்சுத்தான். அங்க இந்த வேஷக்காரன் போய் உட்கார்ந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இதுவரைக்கும் தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1999ல மெக்சிகோ நகரத்துல ஒரு ஆய்வு, கர்ப்பிணியோட ரத்தத்துல காரீயம் கூடக் கூட கரு கலையற வாய்ப்பும் கூடுதுன்னு காட்டுச்சு. அதே ஊர்ல 2009ல, அம்மா எலும்புல இருந்த காரீயத்துக்கும் குழந்தையோட மெத்தில் முத்திரைகள் குறையறதுக்கும் தொடர்பு இருக்கறதாச் சொன்னாங்க.

சரி, எங்கம்மா பட்டறைக்குள்ள கால் வெச்சதே இல்லையே?

தேடிக்கிட்டே போனப்ப 1860க்குப் போயிட்டேன். கான்ஸ்டன்டின் பால்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், ஈய வேலை செய்யற பெண்களுக்குக் கரு கலையறதைப் பதிவு பண்ணியிருக்கார். அதோட நிறுத்தலை. கணவன் மட்டும் ஈய வேலை செய்யற வீடுகள்லயும் அதே மாதிரி நடக்குதுன்னு எழுதியிருக்கார். மனைவி வேலைக்கே போகலை. நல்லாக் கவனிங்க, 1860. எங்கப்பா பட்டறையில சேர்றதுக்கு நூத்தி முப்பது வருஷம் முன்னாடி.

வழி ரெண்டு. ஒண்ணு, காரீயம் ஆம்பளையோட விந்தணுவையும் கெடுக்கும். இன்னொண்ணு, சட்டை, தலைமுடி, செருப்பு, டிபன் பாக்ஸ். பட்டறைத் தூசு அப்படியே வீட்டுக்கு வரும். துவைக்கிறவ கை, ஈரத்தோட சோறு பிசையற கை, பெருக்கறப்ப கிளம்பற புழுதி, எல்லாம் சேரும்.

இதுல ஒரு வேடிக்கை. ஈய வேலையில பெண்களைச் சேர்க்கக்கூடாதுன்னு நம்ம தொழிற்சாலை விதிகள்ல பல காலமா இருந்தது. அமெரிக்காவுல ஜான்சன் கன்ட்ரோல்ஸ்னு ஒரு பேட்டரி கம்பெனி, இனிமே குழந்தை பெத்துக்க முடியாதுன்னு சர்டிபிகேட் கொண்டு வராத பெண்களுக்கு ஈயம் புழங்கற வேலை கிடையாதுன்னுச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஆண்களோட இனப்பெருக்கத்தையும் ஈயம் கெடுக்குதுன்னு ஆதாரம் இருக்கறப்ப பெண்களை மட்டும் தடுக்கறது பாகுபாடுன்னு 1991ல தீர்ப்பு வந்தது. பொம்பளையை வெளிய நிறுத்திட்டா குழந்தை தப்பிச்சுடும்னு எல்லா ஊர்லயும் நினைச்சிருக்காங்க. சட்டம் பட்டறைக்குள்ள விடலை, ஆயா கிரகணத்துல வெளிய விடலை. நடுவுல அந்தச் சட்டை மட்டும் தினமும் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கு.

சட்டை மட்டும்தான்னு சொல்லலை. அந்தக் காலத்துல சென்னைக் காத்துலயே காரீயம் இருந்தது, பெட்ரோல்ல கலந்தாங்க. 1995 ஏப்ரல்லதான் நாலு பெருநகரங்கள்ல ஈயமில்லா பெட்ரோல் வந்தது, அதுவும் புது கார்களுக்கு. நாடு முழுக்க நின்னது 2000ல. அதுக்கப்புறமும் கதை முடியலை. நம்ம போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆளுங்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆளுங்களும் சேர்ந்து, மூணுலேர்ந்து ஏழு வயசுக்குள்ள 756 சென்னைக் குழந்தைங்களைச் சோதிச்சாங்க. 2009ல வெளியான அந்த ஆய்வுல, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல சராசரியா 11 மைக்ரோகிராமுக்கு மேல காரீயம். அமெரிக்காவுல இன்னைக்கு 3.5 தாண்டினாலே வீட்டுக்கு வந்து எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்பாங்க. காரீயம் கூடின குழந்தைங்களுக்கு கவனச் சிதறலும் பதட்டமும் கூட இருந்துச்சுன்னு அந்த ஆய்வு சொல்லுது.

அதைப் படிச்சுட்டு என்னைப் பத்தி யோசிச்சேன். சட்டைப் பையிலேர்ந்து கொட்டின பொடியில விரலால கோலம் போட்டு விளையாடினவன் நான். இப்ப நான் வேலை பார்க்கற கண்ணாடி பில்டிங், அந்தப் பட்டறை இருந்த இடத்துலேர்ந்து நாலு தெரு தள்ளி இருக்கு. தினமும் அந்தத் தெரு வழியாத்தான் பைக்ல போறேன்.

அடுத்த வாரம் நாலு பேருக்கும் ரத்தப் பரிசோதனை குடுத்தோம். தங்கமணிக்கு ரெண்டுக்குக் கீழே. மூச்சு வந்தது. எனக்கு மூணு. அம்மாவுக்கு ஏழு. அப்பாவுக்கு பதிமூணு. அவர் அந்த வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வயசாகி எலும்பு தேயறப்ப பழைய சேமிப்பு திரும்ப ரத்தத்துல இறங்கும்னு டாக்டர் சொன்னார். மகப்பேறு டாக்டரம்மா தங்கமணி ரிசல்ட்டைப் பார்த்துட்டு, "பயப்பட ஒண்ணுமில்லை, கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் மட்டும் விடாம போடும்மா"ன்னாங்க.

இப்ப என்னோட பிரச்சினைக்கு வர்றேன். இதை அம்மாகிட்ட சொல்றதா வேண்டாமா?

சொன்னா அம்மா தலையிலேர்ந்து முப்பது வருஷப் பழி இறங்கும். ஆனா அது நேரா அப்பா தலையில போய் உட்காரும். அதுவும் எனக்கு நிச்சயமாத் தெரியுமா? தெரியாது. ஏழாம் மாசம் ஒரு குழந்தை இறந்து போறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்த ஒரு குழந்தைக்கு என்ன நடந்ததுன்னு இனிமே எந்த லேபும் சொல்ல முடியாது. ஆய்வு எல்லாம் ஆயிரம் பேர்ல இத்தனை பேருக்குன்னுதான் பேசும், எங்கக்காவைப் பத்திப் பேசாது. (பாருங்க, இப்பத்தான் முதல் தடவையா அக்கான்னு எழுதறேன்.)

தங்கமணிதான் முடிவு பண்ணினா. "தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அத்தைக்கு அது போதும்."

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேரையும் உட்கார வெச்சுச் சொன்னேன். கால்சியம் வேஷம், நஞ்சுக்கொடி, 1860, பொடி எல்லாத்தையும். இதுதான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா கிரகணம் காரணமே இல்லைன்னு மட்டும் நிச்சயமாச் சொல்ல முடியும்னு முடிச்சேன்.

ரொம்ப நேரம் யாரும் பேசலை. அப்பா தட்டுல காஞ்சு போன பருக்கையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், "அங்கயே குழாய் இருந்துச்சுடா. குளிச்சுட்டு வேற சட்டை மாத்திக்கிட்டு வந்திருப்பேன். ஒருத்தன் சொல்லலையே"ன்னார். அவ்ளோதான் சொன்னார்.

அம்மா அவரைப் பார்த்தாங்க. கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். படலை. "நீங்க என்னா பண்ணுவீங்க, வெல்லம் குடுத்தா போயிடும்னு சொன்னாங்க"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்ட திரும்பி, "அப்ப நான் வெளிய போனதால இல்லைதானே?"

"இல்லைம்மா."

"உங்க ஆயா இதைக் கேட்க இருந்திருக்கணும்"னு சொல்லிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க.

அவ்ளோதான் மக்களே கதை. இதைப் பதிவாப் போட ஒரு காரணம் இருக்கு. பேட்டரிக் கடை, ரேடியேட்டர் பட்டறை, பழைய ஈயம் உருக்கற இடம், சால்டரிங், பெயின்ட் சுரண்டற வேலை, இதெல்லாம் இன்னும் அம்பத்தூர், பாடி, ஆவடி, பூந்தமல்லி சந்துகள்ல நடந்துக்கிட்டுதான் இருக்கு. வீட்டுப் பெயின்ட்ல காரீயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி வந்ததே 2017 நவம்பர்லதான், பழைய சுவத்துல இருக்கறது அப்படியே இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இந்த வேலையில இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. வேலைச் சட்டையும் செருப்பும் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். குளிச்சுட்டு குழந்தையைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியா, முடிஞ்சா அவங்களே துவைக்கட்டும். வீட்டைக் காய்ஞ்ச துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியால துடைக்கட்டும். கர்ப்பிணி இருந்தா கால்சியம், இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாம சாப்பிடட்டும். மெக்சிகோ ஆய்வு ஒண்ணுல தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்துக்கிட்ட கர்ப்பிணிகளுக்கு ரத்தத்துல காரீயம் சராசரியா பதினோரு சதவீதம் குறைஞ்சுச்சு. செலவு அதிகமில்லாத விஷயம்.

போன ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. கண்ணாடி வளையலை அம்மாதான் முதல்ல போட்டு விட்டாங்க. எல்லாரும் போனப்புறம் தங்கமணியைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போனாங்க. நான் பின்னாடி போய்ப் பார்த்தேன். ரெண்டு பேரும் சும்மா நின்னு நிலாவைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அடுத்த கிரகணம் எப்பன்னு தங்கமணி கேட்டா. அம்மா, "அதை அவன்கிட்ட கேளு, அவன்தான் எல்லாம் தெரிஞ்சவன்"னாங்க. :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு அடிக்கறவன். உடம்பு விஷயத்துக்கு உங்க டாக்டரைக் கேளுங்க. அப்பாவுக்கு வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்கு. வயித்து வலிக்கு இப்ப சோடா வாங்கறதில்லை.